ரொட்டி சுட்டவனின் கால்கள்

8 செப்டம்பர் 2014, திங்கள்

டாக்டர் அம்மா ஒரு தாள் கொடுத்திருக்கிறார். தினமும் காலையிலும் மாலையிலும் கெண்டைக்கால் சுற்றளவை அளந்து கட்டத்துக்குள் எழுத வேண்டுமாம். பக்கத்தில் ‘எப்படி இருந்தது?’ என்று இன்னொரு கட்டம். அது என் கட்டைவிரல் அகலம்கூட இல்லை. அதற்குள் ஒரு மனிதன் என்னத்தைச் சொல்வது? அதனால் கடைத்தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி வந்தேன். பதின்மூன்று வயதில் படிப்பை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனவன் நான். அதற்குப் பிறகு வாங்கும் முதல் நோட்டு இதுதான்.

வலது கால் 39 சென்டிமீட்டர். இடது கால் 41.

இந்த ஊற்றுநீர்ச் சிகிச்சை நிலையத்தில் பதினெட்டு நாள் குளியல். ஞாயிறு விடுமுறை. ஒரு நாளும் தவறக் கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். வெள்ளை அங்கி ஒன்று, பிளாஸ்டிக் செருப்பு ஒன்று. அங்கியைப் போட்டுக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தால் நோட்டரி யார், மாட்டுக்காரன் யார் என்று தெரியவில்லை. கால்கள் மட்டும்தான் தெரிகின்றன. எல்லாம் நம் கால்கள் மாதிரியே இருக்கின்றன. நீல முடிச்சுகள், பழுப்புத் திட்டுகள். நாற்பத்தைந்து வருடம் காற்சட்டைக்குள்ளேயே வைத்திருந்த கால்களை வெளியே எடுத்து இத்தனை பேருக்கு முன்னால் வைத்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

9 செப்டம்பர், செவ்வாய்

இங்கே ஒரு குளம் இருக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வட்டமாக நடக்க வேண்டும். சுவரிலிருந்து தண்ணீர் பீறிட்டுக் காலில் அடிக்கும். செக்கு மாடு மாதிரி இருபது நிமிடம்.

எனக்கு முன்னால் நடந்தவர் பெயர் அர்மான். துலூஸ் நகரத்தில் ஓட்டல் சர்வராக இருந்தவர். இங்கே வருவது அவருக்கு இது ஒன்பதாவது வருடம். திரும்பிப் பார்த்து, “நீங்க என்ன வேலை?” என்றார்.

“ரொட்டிக் கடை.”

“அதானே பார்த்தேன். நின்ன காலு. நானும் நின்ன காலுதான். உக்காந்து சாப்பிட்டவன் எவனும் இங்க வரமாட்டான். அவனுக்கு எழுந்து நின்னு பரிமாறினவன்தான் வருவான்.”

நல்ல மனுஷன். வாய்தான் ஓயாது. எனக்கும் ஓயாது. ஆகவே பொருத்தம்.

10 செப்டம்பர், புதன்

சேற்றை அப்பிவிட்டு அரை மணி படுக்கவைத்தார்கள். தூங்கிவிட்டேன். குறட்டை பக்கத்து அறை வரை கேட்டதாம்.

11 செப்டம்பர், வியாழன்

சாயந்திரம் வீட்டிலிருந்து என் மனைவி ஒதில் போன் செய்தாள். கோழிகள் நலம். பக்கத்து வீட்டுக்காரி அத்திப்பழம் கொடுத்தாளாம், ஜாம் போட்டாளாம். “காலு எப்படி?” என்றாள். “வீக்கம்தானே, குறையுது” என்றேன்.

இதை எழுதலாமா என்று யோசித்தேன். என் நோட்டு. யார் படிக்கப் போகிறார்கள்?

வீக்கம் மட்டும் இல்லை. இடது கணுக்காலுக்கு மேலே, உள்பக்கத்தில், இரண்டு குளிர்காலமாகப் புண் இருந்தது. போன மே மாதம்தான் மூடியது. ஒதிலுக்குத் தெரியாது. பழைய மாவுக் கிடங்கில் உட்கார்ந்து நானே கட்டுப் போட்டுக்கொள்வேன். அவள், நான் ஏதோ பழைய இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுகிறேன் என்று நினைத்தாள்.

ஏன் மறைத்தாய் என்று கேட்டால்... கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். என் மாமனாருக்குச் சர்க்கரை வியாதி. முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்கால் வரை எடுத்தார்கள். ஆறு வருடம் ஒதில்தான் கட்டுப் போட்டாள், காலையில் கடை திறக்கும் முன்னால் ஒரு தடவை, மூடிய பிறகு ஒரு தடவை. அவர் ஒரு முறை கூட நன்றி என்று சொன்னதில்லை. கட்டு இறுக்கம் என்று தடியால் தட்டுவார். அவரைப் புதைத்துவிட்டு வந்த அன்று, அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டே ஒதில் சொன்னாள்: “இனி இந்த ஜென்மத்துல இன்னொரு காலுக்குக் கட்டுப் போட மாட்டேன்.” என்னிடம் சொல்லவில்லை. தண்ணீரிடம் சொன்னாள். நான் நிலவறைப் படியில் ஒயின் பாட்டில்களோடு நின்றிருந்தேன்.

பதினோரு வருடம் ஆகிறது. அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

அதனால்தான் இங்கே தனியாக வந்தேன். “நீயும் வந்தா கோழிகளை யாரு பார்ப்பா?” என்று சொல்லித் தடுத்துவிட்டேன். இந்தப் பதினெட்டு நாளில் தோல் கெட்டிப்பட்டுவிட்டால் போதும். புண் இருந்ததே அவளுக்குத் தெரியாமல் போய்விடும்.

12 செப்டம்பர், வெள்ளி

ஒரு விஷயம் எனக்குப் புரியவே இல்லை. இந்த ஊர் ஊற்று பூமிக்குள்ளிருந்து சூடாக வருகிறது. வாசலில் ஒரு குழாயில் ஆவி பறக்கிறது. அதை இவர்கள் மெனக்கெட்டு ஆறவைத்து நமக்குக் கொடுக்கிறார்கள்! முழங்கையை விட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்புதான். நான் மாவு பிசைய ஊற்றிய தண்ணீர் இதைவிடச் சூடாக இருக்கும். சேறும் அப்படித்தான், உயிரில்லாமல் இருக்கிறது.

குளியலறைப் பெண் சொலாஞ்ஜிடம் கேட்டேன். “இன்னும் கொஞ்சம் சூடு வைக்கக் கூடாதாம்மா?”

“மூட்டு வலிக்காரங்களுக்குத்தான் சூடு ஐயா. நரம்பு சுருண்ட காலுக்கு ஆகாது. டாக்டர் முதல் நாளே சொல்லியிருப்பாங்களே.”

சொன்னார்தான். ஆனால் கடையில் ஏதாவது தீர்ந்துபோனால் நானும்தான் வாடிக்கையாளரிடம் ஒரு காரணம் சொல்லியிருக்கிறேன். “இன்னைக்கு கோதுமை மாவு நல்லா வரலை மேடம்” என்று. அப்படி ஒரு காரணம் என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வெதுவெதுப்பில் மாவு எழும்பும். ஆனால் மேலே பொருக்கு கட்ட வேண்டுமென்றால் நெருப்பு வேண்டும். என் கணுக்காலுக்கு வேண்டியது பொருக்குதான்.

நான் தங்கியிருக்கிற அறையில் நல்ல தொட்டி இருக்கிறது. சாயந்திரம் ஐந்து மணிக்குக் கைபொறுக்கும் சூட்டில் தண்ணீர் பிடித்து, கல்லுப்பு இரண்டு கை போட்டு, கால்களை வைத்தேன். ஆகா! இவர்கள் அரைவேக்காட்டில் விட்டதை நான் சுட்டு முடிக்கிறேன்.

13 செப்டம்பர், சனி

மறுபடியும் தொட்டி. கால்கள் வெந்த இறால் மாதிரி சிவந்தன. சுகம். போனில் ஒதில், “குரல் சந்தோஷமா இருக்கே, அங்க எவளோடயாவது டான்ஸ் ஆடுறியா?” என்றாள்.

14 செப்டம்பர், ஞாயிறு

குளியல் இல்லை. இந்த ஊர் ரொட்டியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. நீள ரொட்டி ஒன்று வாங்கினேன். வெளியே நல்ல நிறம், உள்ளே பஞ்சு. அவசரக்காரன் சுட்டது. மாவு தூங்கி எழ வேண்டும். எழுப்பி எழுப்பி அடுப்பில் போட்டால் இப்படித்தான். கடைக்காரனிடம் சொல்லலாமா என்று வாசல் வரை போனேன். உள்ளே இருந்தவனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நின்ற இடத்திலேயே ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றி மாற்றி நின்றான். ஒன்றும் சொல்லாமல் இன்னொரு ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தொட்டி, மூன்றாம் நாள். கொஞ்சம் கூடுதலாகவே சூடு.

15 செப்டம்பர், திங்கள்

இடது கால் 43.

டாக்டரின் தாளில் 41 என்று எழுதினேன்.

கணுக்கால் தோல் பளபளவென்று இருக்கிறது, முட்டை தடவிய பன் மாதிரி. ஒன்றும் இருக்காது.

16 செப்டம்பர், செவ்வாய்

திறந்துவிட்டது.

குளத்திலிருந்து ஏறியபோது சொலாஞ்ஜ் துண்டை நீட்டினாள். துடைத்துக் கொடுத்த துண்டில் மஞ்சளாக ஈரம், நடுவில் சிவப்பு. அவள் அதைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்க ஐயா, நடக்காதீங்க” என்றாள். பிறகு குளத்தில் இருந்த எல்லோரையும் வெளியே ஏறச் சொன்னார்கள். தண்ணீரை மாற்ற வேண்டுமாம். பதினோரு பேர் அங்கியில் குளிரில் நின்றார்கள். என்னால். தரைக்குள் போய்விடலாம்போல இருந்தது. அர்மான்தான், “சரி விடுங்க, ஒரு காபி குடிக்க நேரம் கிடைச்சுதே” என்று எல்லோரையும் ஓட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் அம்மா காலை அழுத்திப் பார்த்தார். விரல் வைத்த இடம் குழியாகவே நின்றது. “என்ன பண்ணினீங்க?” என்றார். தொட்டியைச் சொன்னேன். கல்லுப்பையும் சொன்னேன்.

அவர் என்னையே பார்த்தார். “ரத்தம் மேல ஏறணும். ஏறின ரத்தம் கீழ இறங்காம இருக்க ரத்தக் குழாய்க்குள்ள குட்டிக் குட்டிக் கதவு இருக்கு. உங்களுக்கு அந்தக் கதவெல்லாம் தொங்கிப்போச்சு. நாப்பது வருஷம் அடுப்புச் சூட்டுல நின்னு தொங்கினது. நீங்க என்னடான்னா அந்தக் காலை மறுபடியும் அடுப்புக்குள்ளயே வச்சிருக்கீங்க!”

“பொருக்கு கட்டும்னு நெனச்சேன் டாக்டர்.”

“அது காலுங்க. ரொட்டி இல்ல.”

குளம் கிடையாது, சேறு கிடையாது. தனி அறையில் புண்ணைச் சுற்றி மெல்லிய தூறல் மட்டும். தினமும் நர்ஸ் கட்டுப் போடுவார். அதோடு விரல் நுனியிலிருந்து முழங்கால் வரை பட்டைத்துணி சுற்ற வேண்டும், காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்னாலேயே. “வீட்டுல யாராவது கட்டத் தெரிஞ்சவங்க இருக்காங்களா?” என்று கேட்டார்.

“இல்லை” என்றேன்.

17 செப்டம்பர், புதன்

ஒதில் கேட்டாள். “குறையுது” என்றேன்.

18 செப்டம்பர், வியாழன்

காலையில் நானே பட்டைத்துணியைச் சுற்றிப் பார்த்தேன். இடுப்பு மடங்கவில்லை. ஐம்பது கிலோ மாவு மூட்டையைத் தூக்கிய முதுகு இது, தன் கால்விரலைத் தொட வரமாட்டேன் என்கிறது. அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, வயதானவன், துணியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். எழுதிவிட்டேன். அடிக்கப் போவதில்லை.

அர்மான் பூங்காவில் பிளாட்டான் மரத்தடி பெஞ்சில் இருந்தார். அவரிடம் எல்லாம் சொன்னேன், மாமனார், பாத்திரம், நிலவறைப் படி எல்லாம்.

“எனக்குப் பொண்டாட்டி இருந்தப்போ, எது கேட்டாலும் ஒண்ணுமில்லன்னே சொல்லிட்டு இருந்தேன்,” என்றார். “கடைசியில அவளும் அதையே சொல்லக் கத்துக்கிட்டா. ஆஸ்பத்திரியில சேர்க்கிற அன்னைக்கு வரைக்கும், ஒண்ணுமில்ல அர்மான், ஒண்ணுமில்ல அர்மான்னு. நீங்க போன் பண்ணுங்க.”

பண்ணினேன். புண், இரண்டு குளிர்காலம், கிடங்கு, தொட்டி. நிறுத்தாமல் சொன்னேன், நிறுத்தினால் தொடர முடியாது என்று.

“முடிச்சிட்டியா?” என்றாள்.

“ம்.”

போனை வைத்துவிட்டாள்.

19 செப்டம்பர், வெள்ளி

போன் வரவில்லை. நான் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

சொல்லாமலே இருந்திருக்கணும். சொல்லிட்டேன். இப்ப என்ன? இந்தப் பக்கமும் இல்ல, அந்தப் பக்கமும் இல்ல. நாப்பது வருஷம் ஒரே கட்டிலை முறை வச்சுப் படுத்தவங்க நாங்க. நான் எழுந்து போறப்போ அவ தூக்கத்துல இருப்பா, அவ கடையில நிக்கிறப்போ நான் தூக்கத்துல இருப்பேன். கடையை வித்து நாலு வருஷமாத்தான் ஒரு மேஜையில உக்காந்து சாப்பிடுறோம். அதையும் நானே கெடுத்துக்கிட்டேனா?

20 செப்டம்பர், சனி

பதினோரு மணி பஸ்ஸில் ஒதில் வந்து இறங்கினாள்.

நான் வாசல் பெஞ்சில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தேன். அவளுடைய ஒரு கையில் பை, இன்னொரு கையில் துணி சுற்றிய சாடி. கொழுப்பில் போட்ட வாத்துக்கறி. கோபமாக இருந்தாலும் சாப்பாடு கொண்டுவராமல் வரத் தெரியாது அவளுக்கு. முத்தம் இல்லை, ஒன்றும் இல்லை. “உள்ள நட” என்றாள். பிறகு என் காலைப் பார்த்துவிட்டு, “மெதுவா” என்றாள்.

அறைக் கதவு மூடியதும் ஆரம்பித்தாள். நான் எழுதுகிறபடி இவ்வளவு சுருக்கமாக இல்லை.

“ரெண்டு குளிர்காலம்! நான் அடுக்களையில உனக்கு சூப்பு காய்ச்சிட்டு இருக்கேன், நீ பத்தடி தூரத்துல எலி மாதிரி ஒளிஞ்சுக்கிட்டு கட்டுப் போட்டுட்டு இருக்கே! நான் யாரு உனக்கு? வாடிக்கையாளரா? நல்ல ரொட்டியை மட்டும் முன்னாடி அடுக்கி வைக்கிறியா?”

“நீதான் சொன்னே...”

“என்ன சொன்னேன்?”

அவளுடைய அப்பாவைப் புதைத்த நாள், பாத்திரம், தண்ணீர், அந்த வார்த்தை. அப்படியே சொன்னேன், எழுத்துப் பிசகாமல்.

ஒதில் கட்டிலில் உட்கார்ந்தாள். யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

“நான் அப்படிச் சொன்னேனா?”

“சொன்னே.”

“ஞாபகமே இல்லையே ஃபிர்மேன். அன்னைக்கு நான் என்னென்னவோ சொல்லியிருப்பேன். அண்ணி வச்ச சூப்புல உப்பில்லன்னு சொன்னேன். அது ஞாபகம் இருக்கு. அதையும் பதினோரு வருஷமா பத்திரமா வச்சிருக்கியா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அவரு காலைக் கட்டினப்போ ஒரு நாளும் அவரு என் மூஞ்சியைப் பார்க்கல. அதாலதான் போதும்னு ஆச்சு. காலால இல்ல.” பிறகு கையை நீட்டினாள். “கொண்டா, காட்டு.”

காட்டினேன். நர்ஸ் சுற்றிய துணியைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. “இது என்ன, கட்டா? தொத்திறைச்சிக்கு நூல் சுத்தின மாதிரி இருக்கு. குதிகாலை விட்டுட்டா பாரு!” என்று அவிழ்க்க ஆரம்பித்தாள்.

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிச் சுற்று வரை.

21 செப்டம்பர், ஞாயிறு

நான் இறங்கும் முன்னால், கட்டிலின் கால்மாட்டில் மண்டியிட்டு, கட்டினாள். விரலிலிருந்து மேல்நோக்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைப் பாதி மூடி. பின்னல் ரொட்டி மாதிரி அவ்வளவு ஒழுங்கு. எழுந்தபோது அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். கவுன் விலகியது.

ஜன்னல் வழியாக நல்ல வெளிச்சம்.

முழங்காலுக்குப் பின்னால் திராட்சைக் கொத்து மாதிரி நீலம். கணுக்காலைச் சுற்றிக் காலுறையின் தடம் ஆழமாக. பழுப்புத் திட்டு கூட, உள்பக்கத்தில், என்னுடையது இருக்கும் அதே இடத்தில்.

“ஒதில், உன் காலு.”

கவுனை இழுத்துவிட்டுக்கொண்டாள். “கடையில நாப்பது வருஷம் நின்னவளுக்கு வேற எப்படி இருக்கும்? உன்கிட்ட மட்டும்தான் நரம்பு இருக்குன்னு நெனச்சியா?”

“எவ்வளவு நாளா?”

“ஒண்ணுமில்ல. சாயந்திரம் கொஞ்சம் கனமா இருக்கும். பேசாம காபியைக் குடி.”

நாற்பது வருடம் ஒரே மாவைத் தின்றோம். அவள் காலை நான் இன்றுதான் பகலில் பார்க்கிறேன்.

23 செப்டம்பர், செவ்வாய்

இடது கால் 41. தாளிலும் 41. டாக்டர் அம்மாவிடம் போன வாரப் பொய்யையும் சொல்லித் திருத்திவிட்டேன். கட்டைப் பார்த்துவிட்டு, “இதை யாரு போட்டது?” என்றார். ஒதிலைக் காட்டினேன். “கட்டத் தெரிஞ்சவங்க வீட்டுல யாருமில்லன்னு சொன்னீங்களே?” ஒதில் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ரொட்டியே கருகியிருக்கும்.

நான் மெதுவாக, “டாக்டர், இவ காலையும் ஒரு தடவை...” என்றேன்.

“நான் துணைக்கு வந்தவ” என்று ஒதில் எழுந்துவிட்டாள்.

25 செப்டம்பர், வியாழன்

கோழிகளைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொள்கிறாளாம். ஒதிலும் அர்மானும் பூங்காவில் சீட்டாடினார்கள். அவர் ஏமாற்றுகிறாராம். அவளும்தான்.

மறுபடியும் கேட்டேன். “என் காலை யாரும் பார்க்க வேண்டாம்” என்றாள். இதே வாக்கியத்தோடு நான் இரண்டு குளிர்காலம் வாழ்ந்தேன். ஆகவே வற்புறுத்தவில்லை.

27 செப்டம்பர், சனி

கடைசிக் குளியல். பதினெட்டு நாளும் தவறவில்லை, பாதி நாள் தூறல்தான் என்றாலும். புண் மூடவில்லை. விரல் நகம் அளவு இருந்தது, பயறு அளவு ஆகியிருக்கிறது. ஓரம் ரோஜா நிறம். “நல்ல ஓரம்” என்றார் டாக்டர் அம்மா. அவசரப்பட வேண்டாம் என்றார். அதை ஒரு ரொட்டிக்காரனுக்கு இன்னொருவர் சொல்லித்தர வேண்டியிருந்தது.

சொலாஞ்ஜுக்கு ஒரு தட்டு ஆப்பிள் பேஸ்ட்ரி. குளத்தை இறைத்ததற்கு. விடுதி அடுப்பில் ஒதில் செய்தது, நான் மாவை இழுத்துக் கொடுத்தேன், அப்பால் இருப்பது தெரிகிற மாதிரி மெல்லிசாக.

19 அக்டோபர், ஞாயிறு

வீடு. புண் மூடியது. மூடிய இடத்தை ஒதில் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தாள், பிறகு கோழிகளுக்குத் தீனி போடப் போனாள்.

இனிப் பட்டைத்துணி வேண்டாம், இறுக்கக் காலுறை போதும்.

2 நவம்பர், ஞாயிறு

கல்லறைக்குப் போய் மாமனாருக்குச் சாமந்திப்பூ வைத்தோம். திரும்பும் வழியில் ஏற்றத்தில் ஒதில் இரண்டு தடவை நின்றாள், காட்சி பார்க்கிற மாதிரி. அங்கே பார்க்க ஒன்றுமில்லை. நானும் நின்று பார்த்தேன்.

12 நவம்பர், புதன்

அவள் தனியாகவே நம் ஊர் டாக்டரிடம் போயிருக்கிறாள். மேஜைமேல் மருந்துக் கடைப் பை கிடந்தது. அதில் காலுறை ஒரு ஜோடி, அவள் அளவு. நான் பையைப் பார்க்கவில்லை என்று அவள் நினைக்கும்படி நடந்துகொண்டேன். நன்றாக நடித்தேனா தெரியவில்லை.

13 நவம்பர், வியாழன்

பை அதே இடத்தில்.

16 நவம்பர், ஞாயிறு

காலையில் என் காலுறையை மாட்டிவிட்ட பிறகு ஒதில் எழுந்து போகவில்லை. கட்டிலில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். பையை என் மடியில் வைத்தாள். கவுனை முழங்கால் வரை தூக்கி, காலை நீட்டினாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எப்படியோ கீழே இறங்கி மண்டியிட்டேன். முதுகு மடங்கியது, இதற்கு மட்டும்.

“கை ஜில்லுனு இருக்கு” என்றாள்.

“இரு.”

இரண்டு கைகளையும் தேய்த்தேன். அவசரமில்லாமல், நன்றாகச் சூடாகும்வரை. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. நீட்டியபடியே காத்திருந்தாள்.